அட்டைப்பெட்டிக்குப் பொட்டு

நான்கு வருடம் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். இப்போது எழுத உட்கார்ந்தால் 'அவள்' என்றுதான் வருகிறது. வரட்டும். எந்தச் சாமானுக்கும் விலை இறங்குகிற காலம் ஒன்று உண்டு என்று அவளே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள்.

வடக்குப்பட்டில் அவள் வீட்டு மாடியில் நாங்கள் மூன்று பெண்கள் வாடகைக்கு இருந்தோம். கீழே அவளும் அவள் வீட்டுக்காரரும். நான் கோவில்பட்டிப் பக்கம். எனக்கும் அவளுக்கும் வேலை ஒரே கம்பெனியில், ஒரே லைனில். செட்டாப் பாக்ஸ் செய்கிற லைன் அது. கடைசி இரண்டு மேசைகள் எங்களுடையவை. ஒவ்வொரு பாக்ஸின் அடியிலும் ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதை மறைத்து, 'பிரித்தால் வாரண்டி செல்லாது' என்று எழுதிய விரல்நகம் அளவு சீல் ஒன்றை நான் ஒட்டுவேன். சரியாக ஒட்டியிருக்கிறேனா என்று அவள் பார்ப்பாள். ஷிஃப்ட் முழுக்க இதுதான், நின்றுகொண்டே.

அந்த வேலைக்கு அவளை விடப் பொருத்தமான ஆள் அந்த வட்டாரத்திலேயே கிடைத்திருக்காது. ஏனென்றால் அவள் வீட்டில் எதையும் பிரித்தது கிடையாது. ஃப்ரிட்ஜ் கதவில் கம்பெனி ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் தாள் மஞ்சளாகி, ஓரமெல்லாம் சுருண்டு, அதன் மேல் செலோ டேப் ஒட்டி உயிரோடு வைத்திருந்தாள். டிவி ரிமோட் இரண்டு பாலித்தீன் உறைக்குள் இருக்கும். ஒரு எண்ணை மூன்று தடவை அழுத்தினால் ஒரு தடவை வேலை செய்யும். சோபா வந்த கவரோடே கிடந்தது. சித்திரை வெயிலில் அதில் உட்கார்ந்து எழுந்தால் தொடை ஒட்டிக்கொண்டு, சபையில் கேட்கக்கூடாத சத்தம் ஒன்று வரும். வீட்டுக்காரர் தரையிலேயே உட்காருவார். பாவம், நல்ல மனிதர். புது மிக்ஸி பரணில் இருந்தது. மூடியைக் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டிய பழைய மிக்ஸியில் சட்னி அரைபட்டது.

"வாங்கசொல்லோ எல்லாரும் ராஜாதான். விக்கசொல்லோ தெரியும், யாருக்கு மூள கீதுன்னு" என்பாள். ஒரு நாளைக்கு ஒரு முறையாவது இதைச் சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

அவள் வாழ்க்கையில் கட்டிய கணவனை விட முக்கியமான ஆள் ஒருவன் உண்டு. நாளைக்கு வந்து வாங்கப்போகிறவன். அவனை யாரும் பார்த்ததில்லை. அவன் கண்ணில் கீறல் படக்கூடாது, கறை படக்கூடாது, அவன் கேட்டால் பில் இருக்க வேண்டும், பெட்டி இருக்க வேண்டும், தெர்மாகோல் உடையாமல் இருக்க வேண்டும். அவனுக்காகத்தான் அந்த வீட்டில் எல்லாமே நடந்தது. நான் இருந்த நான்கு வருடத்தில் அந்த வீட்டிலிருந்து ஒரு கரண்டி கூட விற்றுப்போய் நான் பார்க்கவில்லை.

அவள் அண்ணன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. சீருக்கு எவர்சில்வர் குடம் வாங்க ஸ்ரீபெரும்புதூர் பாத்திரக் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். கடைக்காரர் வழக்கம்போலப் பேர் வெட்டுகிற மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு, "என்ன பேரும்மா போடணும்?" என்றார். இவள் குடத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"பேரு கீரு ஒண்ணியும் வாணாம். நாளைக்கு அதுங்க மாத்தணும்னு வந்தா, பேரு வெட்ன கொடத்த எவன் எடுப்பான்?"

சபையில் பத்துப் பன்னிரண்டு குடம் வரிசையாக இருந்தது. எல்லாக் குடத்திலும் கொடுத்தவர் பேர் இருந்தது, இவளுடையதைத் தவிர. கடைசியில் 'அந்த மொட்டைக் குடம் யார் குடுத்தது' என்று ஆளாளுக்குக் கேட்க, இவளே பந்தியில் இலைக்கு இலை போய், "அது நான் வெச்சதுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆயுத பூஜையைச் சொல்லாமல் இருக்க முடியாது. எல்லோரும் சாமானைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். இவள் சாமானுக்கு வைக்கமாட்டாள். கறை படிந்துவிடுமாம். பரணிலிருந்து அட்டைப்பெட்டிகளை இறக்குவாள். ஃப்ரிட்ஜ் வந்த பெட்டி, டிவி வந்த பெட்டி, மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் என்று கூடம் முழுக்க அடுக்கி, ஒவ்வொரு பெட்டிக்கும் பொட்டு வைப்பாள். வாரண்டி அட்டைகளை பிஸ்கட் டின்னோடு சாமி படத்தின் கீழே வைத்துக் கற்பூரம் காட்டுவாள். முதல் வருடம் நான் சிரித்துவிட்டேன். அவள் திரும்பி, "சிரி, சிரி. ஒரு நாளு நீயே வந்து நிப்ப என்னாண்ட" என்றாள்.

நின்றேன். அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அவள் ஏன் இப்படி ஆனாள் என்று ஊரில் கதை சொல்வார்கள். ஒரகடத்தில் கம்பெனிகள் வருவதற்கு முன்னால், அவள் அப்பா இருந்த நிலத்தை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டாராம். வாங்கியவன் அதையே சும்மா வைத்திருந்து, ரோடு வந்த பிறகு விற்றுப் பெரிய ஆளாகிவிட்டான். அப்பா அதே நிலத்தில் எழுந்த கம்பெனியில் வாட்ச்மேன் வேலை பார்த்துச் செத்தார். "நாங்க விக்கத் தெரியாம வித்த ஜனம்மா" என்று ஒரு தடவை அவளே என்னிடம் சொன்னாள். இதைக் கேட்டால் அவளை மன்னிக்கத் தோன்றும் என்பார்கள். எனக்குத் தோன்றவில்லை. அப்பா நிலத்தில் ஏமாந்ததற்கு மகள் ரிமோட்டுக்கு உறை போட்டு என்ன ஆகப்போகிறது?

ஆனால் கம்பெனி பஸ்ஸில் அவள்தான் ஜட்ஜ். யார் எது வாங்குவதாக இருந்தாலும் ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கிற அவள் சீட்டுக்கு வந்து கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். எந்த போனுக்கு எத்தனை வருட வாரண்டி, எந்த வண்டிக்குக் கை மாறும்போது விலை நிற்கும், எல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தாள். அவள் எதையும் பயன்படுத்திப் பார்த்ததில்லை என்பது ஒருத்திக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்தவள். அதை வைத்துக்கொண்டு சீல் ஒட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் கம்பெனியில் டூல் ரூம் என்று ஒரு பிரிவு உண்டு. லைனில் வேலை நடக்கும்போது பொருளை அசையாமல் பிடித்துக்கொள்கிற தாங்கிகளை அங்கேதான் கம்ப்யூட்டரில் வரைவார்கள். அங்கே நாற்காலி உண்டு. ஏசி உண்டு. எல்லாவற்றையும் விட, செய்த வேலையைக் காட்டி இது நான் வரைந்தது என்று சொல்லலாம். டிப்ளமா படித்த ஆபரேட்டர்களுக்கு வருடத்துக்கு ஒரு தேர்வு வைத்து ஒருவரை எடுப்பார்கள். அந்த ஒரு இடத்துக்காகத்தான் நான் அந்த ஊரில் இருந்தேன் என்றே சொல்லலாம்.

டூல் ரூமில் இருந்த ஒரு சார் நல்ல மனசுக்காரர். வீட்டில் லேப்டாப் இருந்தால் வரைந்து பழகலாம் என்றார். "மெமரி பதினாறு ஜிபி இருக்கணும்மா. எட்டுன்னா, பாகத்தையெல்லாம் ஒண்ணா சேர்க்கும்போது மூச்சு முட்டிரும்" என்று சொல்லி, கேண்டீன் டோக்கன் பின்பக்கத்தில் எழுதியும் கொடுத்தார்.

அந்த டோக்கனை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. பஸ்ஸில் அவளிடம் காட்டினேன்.

"நீ இரு. நான் வரேன்" என்றாள்.

கடையில் கையில் இருந்த பணத்துக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, கறுப்பாக, கனமாக, பதினாறு மெமரியோடு ஒரு மெஷின். வாரண்டி ஒரு வருடம். இன்னொன்று, வெள்ளிக் கலரில் ஒல்லியாக, எட்டு மெமரி. அதில் மிச்சமாகிற பணத்தைக் கட்டினால் வாரண்டி மூன்று வருடம். கடைக்காரர், "டிசைன் பண்றதுக்குன்னா அந்தக் கறுப்புதான்மா" என்று சொல்லத் தொடங்கினார். இவள் கையை உயர்த்தினாள்.

"இன்னாபா, அவ ரெண்டு வருசம் கழிச்சி விக்கசொல்லோ நீயா வந்து வாங்குவ? கறுப்புல வெரலு ரேகை படும், கீறல் தெரியும். கறுப்புன்னாலே கேம் ஆடி ஓட்ன மிஷினு, சூடாயி பூட்டிருக்கும்னு எவனும் தொட மாட்டான். வெள்ளிதான் ஓடும்."

"அக்கா, சாரு பதினாறு வேணும்னு சொல்லுதாரு."

"உன் சாரு விக்கிறவனா? மெமரிக்கு போட்ட காசு திரும்பி வராதும்மா. வாரண்டிக்கு போட்டா வரும். மூணு வருசம் பேப்பரு கையில கீதுன்னு சொல்லு, வாங்கறவன் கண்ண மூடிக்கினு வாங்குவான்."

வாங்கறவன். என் பணத்தில், என் தேர்வுக்கு, எவனோ ஒருவனுக்காக மெஷின் வாங்கினோம். கடையிலேயே மேல் மூடிக்கு ஒரு ஒட்டுத்தாள், கீபோர்டுக்கு ஒரு உறை, அடிப்பக்கம் கீறாமல் இருக்க முழுசாக ஒரு கறுப்புத் தாள் ஒட்டச் சொன்னாள். பெட்டியை மட்டும் என்னிடம் தரவில்லை.

"இது என்னாண்ட இருக்கட்டும். நீங்க பொண்ணுங்க துணி கிணி போட்டு வெப்பீங்க."

பழக ஆரம்பித்தேன். ஒவ்வொரு பாகமாக வரையும்வரை ஒன்றும் சொல்லாது. அடித்தட்டு, பிடி, முளை என்று தனித்தனியாக எல்லாம் வரும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தாங்கியாகப் பொருத்தப்போனால், நான்காவது பாகத்தில் உறுமும். ஐந்தாவது பாகத்தில் திரை வெள்ளையாகிவிடும். அவ்வளவுதான். அணைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். மாதக்கணக்கில் இதையே செய்தேன். ஒரு தடவை கூட ஆறாவது பாகத்தைப் பொருத்திப் பார்த்ததில்லை.

டூல் ரூம் சாரிடம் சொன்னேன். மாடலைக் கேட்டுவிட்டு, "உள்ள இன்னொரு மெமரி போட காலி இடம் இருக்கும்மா. ஒண்ணு வாங்கிட்டு வா, மதியச் சாப்பாட்டு நேரத்துல போட்டுத் தந்துடறேன்" என்றார். வாங்கியும் விட்டேன். சின்ன டப்பாவில் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறும்போது அவள் பார்த்துவிட்டாள்.

"இன்னாது அது?"

சொன்னேன்.

அவள் முகம் மாறியதைப் பார்க்க வேண்டும். யாரோ செத்துப்போனதாகச் சொன்னது போல நின்றாள். "தொறக்கப் போறியா? சீலு ஒடஞ்சா மூணு வருசமும் போச்சி, தெரியுமா? சீலு ஒட்றவ நீ. உனுக்கு நான் சொல்லணுமா?"

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைப் பிடித்தது. உண்மைதானே? சீல் கிழிந்த பாக்ஸ் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் நான் ஒட்டிய சீலில் மூலை கொஞ்சம் தூக்கியிருந்தது என்று, "மூல தூக்கிக்கினு கீது" என்று லைனையே நிறுத்தி, ஒரு அடுக்கு பாக்ஸை அப்படியே கழித்த சாமான் போடுகிற சிவப்புக் கூடையில் போட்டு, சூப்பர்வைசர் முன்னால் என்னை அரை மணி நேரம் நிற்க வைத்தவள் அவள். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை 'பிரித்தால் செல்லாது' என்று என் கையாலேயே ஒட்டுகிறேன். கையில் ஏறிப்போன பயம் அது. மெமரி டப்பாவை டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன். சாரிடம் அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

தேர்வுக்கு மூன்று மணி நேரம். எட்டுப் பாகம் உள்ள ஒரு தாங்கி. வரைந்து, பொருத்திக் காட்ட வேண்டும். எட்டையும் நான்தான் முதலில் வரைந்து முடித்தேன். பொருத்த ஆரம்பித்தேன். கம்பெனி கம்ப்யூட்டர் உறுமவில்லை, வெள்ளையாகவில்லை. ஐந்தாவது பாகம் உட்கார்ந்தது. அதற்கு மேல் எப்படிப் போவது என்று என் கைக்குத் தெரியவில்லை. ஆறாவதை வைத்தால் இரண்டாவது நகர்ந்தது. அதைச் சரி செய்தால் எல்லாமே தப்பு என்று திரையில் சிவப்பாகிவிட்டது. நேரம் முடிந்துவிட்டது.

அந்த இடம் பக்கத்து லைனில் இருந்த தேனிப் பெண்ணுக்குக் கிடைத்தது. அவள் பழகியது ஒரு பழைய கறுப்பு மெஷினில். யாரோ ஓட்டித் தள்ளிவிட்டது. மூடியில் கீறல், ஒரு மூலையில் உடைசல், பில் கிடையாது, வாரண்டி கிடையாது. வாங்கும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம், மெமரி எவ்வளவு என்று. அக்கா வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த அந்த 'வாங்கறவன்' இவள்தான். அவள் கீறலைப் பார்க்கவே இல்லை.

நான் தோற்றுவிட்டு வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். கீழேயிருந்து அக்கா டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள். பிறகு சொன்னாள்.

"பரவால்ல வுடு. மிஷினு இன்னும் புச்சு மாரியே கீது இல்ல?"

டீயை அவள் முகத்தில் ஊற்றாமல் குடித்தேன். அடுத்த வருடம் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த வருடம் தேர்வே கிடையாது, இனி வெளியிலிருந்து இன்ஜினியர்களைத்தான் எடுப்போம் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள்.

அதற்கப்புறம் மெஷினைத் தொடுவதே குறைந்துவிட்டது. அவள்தான் வாரம் ஒரு முறை மேலே வந்து, உறை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவாள். மூன்றாம் வருடம் சார்ஜர் சொருகுகிற இடம் ஆட ஆரம்பித்தது. அவளுக்கு ஒரே குஷி. "பாத்தியா? இதுக்குத்தான் வாரண்டி" என்று பிஸ்கட் டின்னைத் திறந்து பில்லை எடுத்துக் கொடுத்தாள். சர்வீஸ் சென்டருக்கு நான் மட்டும் போனேன்.

அங்கே கண்ணாடி போட்ட ஒருவர் மெஷினைத் திருப்பினார். அடியில் இருந்த கறுப்புத் தாளை ஒரே இழுப்பில் உரித்தார். மூன்று வருடத்தில் முதல் தடவையாக என் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். வரிசையாக ஸ்க்ரூ. எதையும் எதுவும் மறைக்கவில்லை.

"சீல் எங்க சார்?"

"என்ன சீல்?"

"ஸ்க்ரூ மேல இருக்குமே. பிரிச்சா வாரண்டி போயிரும்னு..."

அவர் சிரித்தார். "இதுல சீலே கிடையாதும்மா. மெமரி போட்டுக்கறதுக்கு நீங்களே தொறக்கலாம். அதுக்கெல்லாம் வாரண்டி போவாது. பெட்டியோட ஒரு புக் தந்திருப்பாங்களே, படிக்கலையா?"

சரி செய்த மெஷினை வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வீடு வந்து சேரும்வரை என் காதில் வேறெதுவும் விழவில்லை. ஆயிரக்கணக்கில் சீல் ஒட்டியவள், தன்னுடையதைத் திருப்பி ஒரு தடவை பார்க்கவில்லை.

கீழே அவள் கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என் லேப்டாப் பெட்டியைக் கேட்டேன். எதற்கு என்று கேட்டுக்கொண்டே ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து இறக்கினாள். பெட்டியின் மேல் மூன்று ஆயுத பூஜைப் பொட்டுகள் வரிசையாகக் காய்ந்திருந்தன. உள்ளே அந்தப் புத்தகம், கவர் பிரிக்காமல், சுருக்கம் கூட இல்லாமல் இருந்தது. அவள் கண் முன்னாலேயே கவரைக் கிழித்தேன். "ஐயையோ" என்றாள். மெமரி போடுவது எப்படி என்று படம் போட்டிருந்த பக்கத்தைக் காட்டினேன். அதன் கீழே இருந்த வரியைத் தமிழில் படித்துச் சொன்னேன். சீல் என்று ஒன்று கிடையவே கிடையாது என்றும் சொன்னேன்.

"நீங்க சொன்னீங்கன்னுதானேக்கா நான் தொறக்கல? எனக்கு அந்த எடம் போயிருச்சு. ஒங்களால போயிருச்சு" என்றேன்.

அவள் புத்தகத்தை வாங்கி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். கையில் கீரைத் தண்டு அப்படியே இருந்தது. அவள் கண் கலங்கியது போல எனக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை வரும், அதைக் கேட்டுவிட்டு அழுதுவிடலாம் என்று நின்றேன்.

"சீலே இல்லியா?" என்றாள். "அப்ப நீ தொறக்கலன்னு வாங்கறவன் எப்டிம்மா நம்புவான்?"

மறுநாள் மதிய ஷிஃப்ட். காலையில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அதே பாத்திரக் கடைக்குப் போனேன். மேல் மூடியில் இருந்த ஒட்டுத்தாளைக் கடை வாசலிலேயே உரித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். மூடியைக் காட்டி, பேர் வெட்ட வேண்டும் என்றேன். கடைக்காரர் பேர் வெட்டுகிற மெஷினை எடுத்துவிட்டுத் தயங்கினார்.

"லேப்டாப்ல யாராவது வெட்டுவாங்களாம்மா? அப்புறம் விக்க முடியாதே."

"தெரியும்ணே. பெருசா வெட்டுங்க."